நியேவெஸ் வீட்டு சர்வர்

நியேவெஸ் நகம் அழகுபடுத்துபவள். ஹவானாவின் செர்ரோ பேட்டையில், ஐந்தாவது மாடியில் அவள் வீடு. பெண்கள் மூச்சிரைக்க ஏறி வந்து கையை நீட்டிவிட்டு, சாயம் காயும்வரை ஊர்வம்பு பேசுவார்கள். சாயப் புட்டிகளுக்குப் பக்கத்தில், மூடி கழன்ற ஒரு கணினி உறுமிக்கொண்டிருக்கும். தெருவுக்கே அதுதான் சர்வர். கூரைக்குக் கூரை ஆன்டெனா நட்டு, கம்பி இழுத்து, நகரம் முழுக்க ஊர்ப்பிள்ளைகளே கட்டிக்கொண்ட வலை அது. விளையாட்டு, அரட்டை, தொடர் நாடகம் எல்லாம் அதன் முதுகில்தான் ஏறிப்போகும். வெளியுலக இணையத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

சர்வரைக் கட்டியவள் மகள் லெய்சி. தாய்க்குப் பிடிக்காத ஒருவனோடு நகரத்தின் மறுகோடியில் உள்ள அலமாருக்குப் போய்விட்டாள். "போனா அப்படியே போ, போன்கூடப் பண்ணாத" என்றாள் நியேவெஸ். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மகள் சொன்ன பேச்சைக் கேட்டாள்.

சர்வரை மட்டும் நியேவெஸ் விடவில்லை. தட்டுத்தடுமாறி நடத்தக் கற்றுக்கொண்டாள். திரையில் ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. வலைக்குள் வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். லெய்சியின் பெயர் பச்சையாகும்வரை நியேவெஸுக்குக் காபி இறங்காது. ஒரு வார்த்தைகூட அவளுக்கு எழுதியதில்லை. பார்ப்பதோடு சரி.

அந்த சர்வர்தான் இப்போது, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. விழும்போது பக்கத்துக் கூரைகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. வலையின் வட்டாரப் பொறுப்பாளன் ஓஸ்மெல், பேக்கரியில் மாவு பிசைகிறவன், கையில் ஸ்பேனரோடு வந்து நின்றான்.

"அக்கா, சாயங்காலம் வலையில விளையாட்டுப் போட்டி ஆரம்பிக்குது. அதுக்குள்ள இன்னொரு தரம் விழுந்துச்சுன்னா உங்க ஆன்டெனாவ நானே கழட்டிருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கழட்டிப் பாருடா. கையில விரல் இருக்காது."

"விரல் போனா ரொட்டி கிடையாது, யோசிச்சுக்கோங்க."

நியேவெஸ் சிரிக்கவில்லை. ஆன்டெனா போனால் பட்டியலும் போகும். மகள் இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாமல் போகும்.

சூடு என்று நினைத்து, நகம் காயவைக்கும் விசிறியை அதன் பக்கம் திருப்பினார்கள். விழுந்தது. நினைவகப் பட்டைகளைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். விழுந்தது. மின்சாரத்தைத் திட்டினார்கள். அது யார் திட்டினாலும் கேட்காது.

ஒவ்வொரு முறையும் திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ புலம்பிவிட்டுத்தான் செத்தது. இந்த முறை நியேவெஸ் அதை உட்கார்ந்து படித்தாள்.

"ஓஸ்மெல், தினமும் ஒரே பேரைத்தான் சொல்லிட்டுச் சாவுது பாரு."

புதிதாக மாட்டிய நெட்வொர்க் கார்டின் டிரைவர் அது. கார்டிடம் எப்படிப் பேசவேண்டும் என்று கணினிக்குச் சொல்லித்தரும் சின்ன நிரல். கார்டின் மேல் என்ன பெயர் ஒட்டியிருந்ததோ, அந்தப் பெயருள்ள டிரைவரை, வாராவாரம் கைமாறி வரும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்துப் போட்டிருந்தாள். இங்கே எல்லோரும் அப்படித்தான். ஆள் குறைவாக இருந்தால் ஓடியது, கூட்டம் சேர்ந்தால் விழுந்தது.

அவளுக்குச் சந்தேகம் வந்தது. கார்டைக் கழற்றி, சாயம் அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துச் சிப்பின் மேல் ஒற்றினாள். ஒட்டியிருந்த தாள் சுருண்டு வந்தது. அடியில் வேறு பெயர், வேறு எண்.

"அடப்பாவி. மேக்கப்பு போட்டு வித்திருக்கான்," என்றாள்.

"இதுக்கு டிரைவர் யார்கிட்ட இருக்கும்னு உங்களுக்கே தெரியும்," என்றான் ஓஸ்மெல், ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு. "பழைய டிரைவரெல்லாம் ஊறுகா மாதிரி போட்டு வச்சிருக்கிறவ ஒருத்திதான்."

நியேவெஸ் போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்."

"பண்ணாதன்னு சொன்ன ஆளே பண்ணிட்டியே," என்றாள் லெய்சி.

"சர்வர் விழுது."

"ஓ. சர்வருக்கா."

நியேவெஸ் சிப்பில் இருந்த எண்ணை வாசித்துக் காட்டினாள்.

"அது என்கிட்ட இருக்கு," என்றாள் லெய்சி. "பழைய கார்டை மாட்டு. அது நத்தை. எல்லாரையும் இறக்கிவிட்டாத்தான் ஃபைல் வந்து சேரும்."

ஓஸ்மெல் பால்கனிக்கு ஓடினான். "எல்லாரும் வலையை விட்டு இறங்குங்க!"

"நாடகம் முடியப்போகுதுடா!" எதிர்வீட்டுப் பெண் கத்தினாள்.

"அந்தாளு செத்துருவான், நான் பாத்துட்டேன். இறங்கு!"

வண்டை வண்டையாக வசவு கேட்டது. ஆனால் இறங்கினார்கள். கூரை கூரையாகத் தாவி, பழைய கார்டு வழியே ஃபைல் ஊர்ந்து வந்தது. நியேவெஸ் தப்பான டிரைவரை வேரோடு பிடுங்கினாள், புது கார்டைத் திரும்ப மாட்டினாள், சரியானதைப் போட்டாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வேர்த்தது.

"ஏறுங்க!" என்றான் ஓஸ்மெல்.

பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. விசிறி அலறியது. வழக்கமாக விழும் கூட்டம் சேர்ந்தது. நியேவெஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சேர்ந்தது. திரை நீலமாகவில்லை.

ஓஸ்மெல் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் தலையில் மாவுக்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

"விழுந்துச்சா?" என்றாள் லெய்சி.

கல்லுப்போல் நிற்கும் திரையைப் பார்த்துக்கொண்டே நியேவெஸ் சொன்னாள்: "ஆடுதுடீ. எனக்குப் பயமா இருக்கு. நீ வந்து பாத்தாத்தான் சரிப்படும்."

"பொய். நானும் வலைக்குள்ளதான் இருக்கேன். நல்லா ஓடுது."

நியேவெஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன்," என்றாள் லெய்சி. "கார்டை ஒழுங்கா மாட்டினியான்னு பாக்கணும். அவனும் வருவான்."

நாக்கு நுனிவரை வந்ததை நியேவெஸ் கடித்து விழுங்கினாள்.

"வரட்டும்," என்றாள்.