முதுகுக்குப் பின்னால் அடித்த மணி

ஐரோப்பாவில் ஒரு பட்டணத்தை இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்தவள் நான். சுற்றியது சத்தியம். பார்த்தாயா என்று யாராவது கேட்டால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்கு இன்ஜின் பிரிவில் வேலை. அவரை ஆறு மாதப் பயிற்சிக்குச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அனுப்பினார்கள். கடைசி மாதம் சொந்தச் செலவில் மனைவியை வரவழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். திருப்பதியைத் தாண்டாத எனக்கு அதைக் கேட்டதும் தூக்கமே போய்விட்டது.

எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டு அக்காவின் புருஷன் முந்தின வருஷமே அங்கே போய்வந்தவர். அவர் கொண்டுவந்த காலண்டரில் பிராக் நகரத்தின் பழைய கோபுரக் கடிகாரம் ஒன்றின் படம் இருந்தது. வருஷம் முடிந்ததும் அக்கா அந்தத் தாளைக் கிழித்து எனக்குக் கொடுத்தாள். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

"மணி அடிக்கிறப்போ ஒரு எலும்புக்கூடு கயித்தைப் பிடிச்சு இழுக்குமாம்டி. மேல ரெண்டு ஜன்னல் திறக்குமாம். சாமியார் பொம்மைங்க ஒவ்வொண்ணா எட்டிப் பார்த்துட்டுப் போகுமாம். கடைசியில ஒரு சேவல் கூவுமாம்" என்று அக்கா சொல்லியிருந்தாள். தினமும் அரிசியில் கல் பொறுக்கும்போது அந்த மூடிய ஜன்னல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அரண்மனை வேண்டாம், ஆறு வேண்டாம், அந்த ஜன்னல் திறப்பதை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றுதான் விமானம் ஏறினேன்.

என் வீட்டுக்காரர் பயிற்சி எடுத்தது ஒரு சின்ன ஊரில். கடைசி சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிப் பிராக்குக்கு அழைத்துப்போனார்கள். கிளம்பும் முன் அவர் கடன் வாங்கிய கேமராவில் ஃபிலிம் போட்டார். கூட வேலை செய்கிறவர், "சரியா மாட்டியிருக்கான்னு ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேட்டார். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"டாங்கி இன்ஜினையே பிரிச்சி மாட்டிகினு கீறேன். இது இன்னா பெரிய பிரம்ம வித்தையா?"

குவார்ட்டர்ஸில் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாடு போய்வந்த வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளாக் முழுக்கக் கூடிவிடும். ஆல்பம் கை மாறும், கேசரி கிண்டவேண்டும். படம் இல்லாமல் வந்தால் தொலைந்தது. "இதோ பக்கத்துல கீற குமணன்சாவடி வரைக்கும் போய்ட்டு வந்தியா மச்சான்?" என்று ஓய்வு பெறும்வரை ஓட்டுவார்கள். அந்தப் பயம் அவருக்கு. அதனால் அந்த ஊரில் எதைக் கண்டாலும் என்னை அதன் முன்னால் கொண்டுபோய், அதற்கு முதுகைக் காட்டி நிறுத்தினார்.

இரண்டு பக்கமும் சிலைகள் நிற்கும் கல் பாலம். "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு மே. தலைய தூக்கு. குல்லாவக் கழட்டு, பொட்டு தெரியணும்." குளிரில் காது அறுந்து விழுகிறது, இவருக்குப் பொட்டு தெரியணுமாம். மலைமேல் கோட்டைக்குப் போனோம். அங்கேயும் முதுகு. டிராம் வண்டி வந்தது, அதற்கும் முதுகு. ஆற்றோரம் பெஞ்சில் உட்கார்ந்து விடுதியில் கிளறி எடுத்துவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். நான் வீசிய பருக்கையைத் தின்ன இரண்டு அன்னம் நீந்தி வந்தனவாம். அதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் மூஞ்சிதான் கேமராவைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்ததே!

முதல் நாள் கடிகாரத்துக்குப் போய்ச் சேரும்போது மணி அடித்து முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. "நாளைக்கு கண்டிப்பா" என்றார். மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போனோம். பன்னிரண்டரைக்கு எங்கள் பஸ். இதை விட்டால் வேறு கதி இல்லை. சதுக்கத்தில் அத்தனை ஜனம். அண்ணாந்து பார்த்தேன். காலண்டரில் இருந்தது அப்படியே மேலே இருந்தது. அழுகை வந்துவிட்டது.

"வா வா, கரெக்டா மணி அடிக்கிறப்போ எடுத்துடுவோம். இந்தாண்ட திரும்பு."

"ஏங்க, நான் பார்க்கணுங்க."

"போட்டோல வந்துடும் மே. ஊட்ல போய் எவ்ளோ நேரம் வேணும்னாலும் குந்திப் பாரு!"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது. படம் என்றால் ஆயுசுக்கும் இருக்குமே. திரும்பி நின்றேன். தலைக்கு மேலே மணி அடித்தது. என் எதிரில் நின்ற கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்து மேலே பார்த்தது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்தார். தோள்மேல் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை கையை நீட்டியது. ஜன்னல் திறந்துவிட்டது என்று அந்த முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கழுத்து தானாகத் திரும்பப் போனது.

"அசையாத! அசையாத மே!"

அசையவில்லை. இருமல் பிடித்தமாதிரி ஒரு சேவல் கூவியது. எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பினபோது ஜன்னல் மூடியிருந்தது.

ஊருக்கு வந்த மறுநாளே ஆவடி மார்க்கெட்டில் இருந்த ஸ்டுடியோவில் ரோலைக் கொடுத்தார். நானும் கூடவே போனேன், எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டுடியோக்காரர் உள்ளேயிருந்து வெறும் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணாத்தே, ஃபிலிம் பல்லுல மாட்டவே இல்ல. உள்ள சுத்தவே இல்லாம நீ பாட்டுக்குத் தட்டிகினு இருந்துகீற."

முப்பத்தாறில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவர் அந்தச் சுருளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "போலாமா" என்றார். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். "யோவ், இன்ஜின் பிரிக்கத் தெரியுமே, இது தெரியாதா? என்னைத் திரும்ப விட்டிருந்தா ஒருத்தியாவது பார்த்திருப்பேனே! சரி, நீங்களாவது பார்த்தீங்களா?"

"எங்க பார்த்தேன்? மணி அடிக்கிற நேரத்துல நீ கண்ண மூடிடப் போறியேன்னு உன் கண்ணயே பார்த்துகினு இருந்தேன்."

அதற்குமேல் எப்படித் திட்டுவது? அந்த ஞாயிற்றுக்கிழமை பிளாக் கூடியது. கேசரியைத் தின்றுகொண்டே வேண்டிய மட்டும் ஓட்டினார்கள். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு அக்கா மட்டும் என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "படம் கிடக்கட்டும்டி, ஜன்னல் திறந்துச்சா?" என்று ஆசையாகக் கேட்டாள். "திறந்துச்சுக்கா" என்றேன். எலும்புக்கூடு, சாமியார்கள், சேவல் என்று அவள் எனக்குச் சொன்னதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். அவள் போனபிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

தொண்ணூறுகளில் அவர் ஓய்வு பெற்றார். பாரிவாக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போனோம். கேபிள் டிவி வந்தது. அவர் நாள் முழுக்க அதன் முன்னால்தான்.

ஒருநாள் சாயங்காலம் காபி எடுத்துக்கொண்டு வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். டிவியில் அந்தச் சதுக்கம், அந்தக் கூட்டம், அந்தக் கடிகாரம். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வந்தது தெரியாது. எலும்புக்கூடு கயிற்றை இழுத்தது. மணி அடித்தது. ஜன்னல் லேசாகத் திறக்க ஆரம்பித்தது.

அவர் விருட்டென்று எழுந்து போய் டிவியை அணைத்தார்.

"அவ பார்க்காதத நான் மட்டும் இன்னாத்துக்குப் பார்க்கணும்" என்று இருண்ட திரையிடம் சொன்னார்.

அட மனுஷா, இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் நானும் பார்த்திருப்பேனே! வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் வருகிறவள்போல் உள்ளே போய்க் காபியை நீட்டினேன்.

"ஏன் டிவியை நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல மே. வெறும் நியூஸ்தான்" என்றார்.