தழும்பு இட்லி

உரக்கூடத்தில் அன்று மேஸ்திரி இருந்தார். பேட்டரி வண்டி ஓட்டுகிற பையன் இருந்தான். என்னோடு குப்பை பிரிக்கிறவள் இருந்தாள், அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை. அதுவரைக்கும் நல்லது.

மக்குகிற குப்பையை உரமாக்குவது எங்கள் வேலை. பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டி, சாணி கரைத்து ஊற்றிப் புரட்டுவோம். பௌர்ணமி கிரிவலம் முடிந்தால் அன்னதானச் சோறாகவே வரும். மற்ற நாளில் வேங்கிக்கால் ஆபீசுகளின் குப்பை வாளிதான் ஜாஸ்தி. மக்கினதைச் சலித்து மூட்டை கட்டினால், கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கடலை போடுகிறவர்கள் ஏற்றிப் போவார்கள். நானும் ஒரு மூட்டை கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் புதினா வைத்திருக்கிறேன்.

வீட்டில் நானும் மகளும்தான். அவள் அம்மா போன பிறகு சமையல் நான். மகள் வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள். காலையில் நாலு இட்லி, புதினாச் சட்னி, டப்பாவில் வைத்துக் கொடுப்பேன். இட்லித் துணி கிழியக் கிழிய நானே தைத்தேன். எனக்குத் தெரிந்தது மூட்டை தைக்கிற தையல். எந்தக் குழியில் ஊற்றினாலும் இட்லியின் முதுகில் தடிப்பாக ஒரு கோடு விழும்.

உரக்கூடத்தில் எல்லோரும் அதைத் தின்றவர்கள். தழும்பு இட்லி என்று மேஸ்திரி பேர் வைத்தார். "யோவ், இட்லிக்கு எந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ண?" என்பார். கேட்டுக்கொண்டே ரெண்டு எடுத்துக்கொள்வார்.

அன்று வண்டிப் பையன் ஆபீஸ் வாளியைத் தார்ப்பாயில் கவிழ்த்தான். மேலாக நாலு இட்லி விழுந்தது. கடித்த அடையாளம் இல்லை. புதினாச் சட்னி அப்படியே ஒட்டியிருந்தது. முதுகில் கோடு.

பையன் சிரித்துவிட்டான். "இன்னாண்ணே, உன் இட்லி உன்னத் தேடிக்கினு இங்கயே வந்துடுச்சு!"

"வாய மூட்றா" என்றாள் தங்கச்சி. "பாப்பாவுக்கு வயிறு சரியில்லாம இருந்திருக்கும்."

மேஸ்திரி வெளியே போய்விட்டார். அவர் கிண்டல் பண்ணியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மண்வெட்டியால் இட்லியைத் தொட்டியின் அடிக்குத் தள்ளி, மேலே சாணி ஊற்றினேன். மகள் மேல் கோபம் வரவில்லை. மூன்று பேர் பார்த்துவிட்டார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கேட்டேன். "சாப்டியாம்மா?"

"சாப்ட்டேம்பா."

"இட்லி எப்பிடி இருந்துச்சு?"

"நல்லாதாம்பா இருந்துச்சு. சட்னில உப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

டப்பாவை வாங்கினேன். கழுவியே வந்திருந்தது. பொய் சொன்னது அவள். முகத்தைப் பார்க்க முடியாமல் போனது எனக்கு.

கேட்டிருக்கலாம். அவள் ஆபீஸ் வாளி என் கைக்குத்தான் வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் அதையும் சொல்ல வேண்டும். அவள் கொட்டினதை அப்பன் கிளறுகிறான் என்று தெரிந்து அவள் எப்படி வேலைக்குப் போவாள்? கேட்கவில்லை.

தையல்தான் காரணம் என்று முடிவு பண்ணினேன். நாலு பேர் எதிரில் டப்பாவைத் திறக்கிற பிள்ளை. இட்லியில் மூட்டைத் தையல் தெரிந்தால் என்ன பண்ணும்? தேரடி வீதிக்குப் போய் வெள்ளைத் துணி வாங்கினேன். அலசிக் காயவைத்து, மறுநாள் அதில் ஊற்றினேன். ஓட்டல் இட்லி மாதிரி வழவழவென்று வந்தது. சட்னியில் உப்பைக் குறைத்தேன்.

மகள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "புதுத் துணியாப்பா?"

"ஆமா."

"நல்லா இருக்குப்பா" என்று பையில் வைத்துக்கொண்டாள். எனக்கு அன்று நடை கொஞ்சம் லேசாக இருந்தது.

மத்தியானம் வாளி வந்தது. பையன் கவிழ்க்கப் போனான். தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள். எனக்கு முதுகைக் காட்டி நின்று, தானே கொட்டினாள்.

"நீ போயி டீ குடிச்சிட்டு வாண்ணே."

நான் போகவில்லை. சுற்றிவந்து எட்டிப் பார்த்தேன். இட்லியில் கோடு இல்லை. யார் வீட்டு இட்லி என்று யாரும் சொல்லிவிட முடியாது. மேலே புதினாச் சட்னி இருந்தது.

நாலு.