வாழைமட்டையில் வந்த கார்டுகள்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் பி.ஏ. வரலாறு படித்த எங்கள் தலையில் கம்ப்யூட்டர் என்று ஒரு தாளைக் கட்டினார்கள். கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடையாது. கணக்கைத் துளைகளாகப் போட்ட அட்டைக் கார்டுகளைத் தூக்கிக்கொண்டு காளவாசல் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் ப்ரோகிராம் ஓடாவிட்டால் ஃபெயில்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய பதிவேட்டை வைத்து, எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள் என்று கணக்கிடுவது என் வேலை. நூற்றுச் சொச்சம் கார்டுகள். வரிசை மாறினால் எல்லாம் போச்சு. கார்டுகளில் எண் போட்டு வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு புத்தி!

அன்று காலை எனக்கு வகுப்பு இருந்தது. பஸ் கூட்டத்தில் கார்டுகள் நசுங்கிவிடுமே என்று பயந்து, சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றிய வண்டியில் பின்னால் வரும் அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். மதியம் அலுவலக வாசலில் அவர் பொட்டலத்தை நீட்டினார். ஈர வாழைமட்டை!

"வெயில்ல வாடிரக் கூடாதுல்ல தாயி, அதான் தண்ணி தெளிச்சுக் கட்டுனேன்."

மிஷின் பார்க்கும் அண்ணன் கார்டைத் தொட்டுப் பார்த்தார். "நமுத்துப் போச்சேம்மா. உள்ள விட்டா சிக்கிக் கிழிஞ்சிரும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அறிவிருக்கா உங்களுக்கு? இதென்ன வெத்தலையா?" என்று கத்தினேன். வராந்தாவில் நின்ற வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா வெயில் விழுந்த சிமெண்டுத் தரையில் குந்தி, கார்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"ஐயோ, வரிசை கலைஞ்சிரும்!"

"கலையாது. நீ அங்கிட்டுப் போயி நில்லு."

என் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு கார்டையும் புரட்டிப் போட்டார். வெற்றிலை அடுக்குகிற அதே கை. பத்து நிமிடம் பாக்கியிருக்கும்போது, பரப்பிய வரிசையிலேயே அடுக்கிக் கொடுத்தார். மிஷினில் ஒரு கார்டு சிக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் அதை உருவி, நீவி, மறுபடி விட்டார். கடகடவென்று எல்லாம் உள்ளே போய், கணக்கு காகிதத்தில் அச்சாகி வந்தது. ஒரு கார்டுகூட இடம் மாறவில்லை.

மார்க் போட வந்திருந்த எங்கள் சார் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வாசலைக் காட்டி, "யாரும்மா அவரு? நல்லா அடுக்குறாரே!" என்றார்.

அப்பா அங்கேதான் நின்றார். வேட்டியெல்லாம் வாழைக்கறை. என்னைச் சுற்றி வகுப்புப் பிள்ளைகள்.

"எங்க ஊர்க்காரர் சார்" என்றேன்.

பஸ் ஸ்டாப்புக்கு அப்பாவும் கூட வந்தார். தூரத்தில் பஸ்ஸைப் பார்த்ததும் மடித்த வாழைமட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஊருக்குப் போனதும் சொல்லணும், எங்க ஊர்க்காரப் பொண்ணு ஒண்ணு பாஸாயிருச்சுன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பஸ்ஸிலும் என் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். பாவி, அப்போதும் நான் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை.