வாவிக்குள் தெரிந்த ஓடுபாதை

மழை மூட்டமான ஒரு மாலையில் எங்கள் சிறிய விமானத்தை மட்டக்களப்பில் இறக்கிக்கொண்டிருந்தேன். முகிலுக்குள் எதுவும் தெரியவில்லை. கருவிகள் காட்டிய பாதையில், தானாக ஓட்டும் ஓட்டோபைலட்தான் விமானத்தைக் கொண்டுபோனது. முகில் விலகியதும் வலப்பக்கம் வரிசையாக விளக்குகள் தெரிந்தன. ஓட்டோபைலட்டோ நேரே மழை இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அந்தா ஓடுபாதை," என்றேன்.

"இல்ல அண்ணன், இது சரியாத்தான் போகுது," என்றான் துணை விமானி ரிஸ்வான்.

"இது என்ட ஊர், தம்பி. எனக்குத் தெரியாதா?"

ஓட்டோபைலட்டை நிறுத்திவிட்டு விளக்குகளை நோக்கித் திரும்பினேன்.

தாழ இறங்கியபோது வரிசையில் ஒரு விளக்கு அசைந்தது. பிறகு மெல்ல மேலே எழும்பியது. அதன் வெளிச்சத்தில் ஒரு முகம் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணன், தண்ணி! மேல எடுங்க!"

விமானத்தை மேலே எடுத்துவிட்டேன். அவை வாவியில் இறால் பிடிக்கும் தோணிகள். சின்ன வயதில் நானும் அப்படி விளக்குப் பிடித்தவன்தான்.

மறுபடி வந்தபோது ஓட்டோபைலட்டைத் தொடவில்லை. முன்பு இருட்டாகக் கிடந்த அதே இடத்தில் ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசியில், தரையில் இறக்க மட்டும்தான் விமானத்தை என் கையில் எடுத்தேன்.

அந்த இயந்திரத்துக்கு வாவியும் தெரியாது, தோணியும் தெரியாது. எல்லாம் தெரிந்தவன் நான்தான்; ஏமாந்தவனும் நான்தான். இப்போதும் முகிலுக்குள் இறங்கும்போதெல்லாம், கீழே எங்கோ அந்த முகம் விளக்கைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்க்கிறது.