நம்ம பக்கம்

ஷெட்டிலிருந்து 'ணங்' என்று இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, "ஐயோ, மெதுவாடா!" என்று மனைவியின் அடக்கிய குரல்.

இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு கவிழ்ந்து படுத்திருந்த சர்வேயர் கண் விழித்தார். அவள் 'டா' போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான் உண்டு. அவனோடு அவர் பேசி ஆறு வருஷமாகிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நேற்று முழுக்க ஜீப்புக்கு அடியில் கிடந்ததற்கு இடுப்பு இன்று பழிவாங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் அவரைக் காடுமேடெல்லாம் சுமந்த வண்டி அது. அலுவலகத்தில் அதைக் கழித்துப் போட்டபோது, விட மனமில்லாமல் அவரே ஏலத்தில் எடுத்துக்கொண்டார். மூன்று நாள் முன்பு மேடேறும்போது என்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கிளட்ச் பிளேட் தேய்ந்து போயிருந்தது. புதுப் பிளேட் வாங்கி வைத்தாகிவிட்டது. ஆனால் அதை மாட்ட கியர்பாக்ஸைக் கழற்றி இறக்க வேண்டும். அது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு மனைவிக்குக் கண் ஆபரேஷன். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. வலது கண் எப்போதோ இருண்டுவிட்டது. இடது கண்ணில் மிச்சமிருந்ததும் பாலில் நனைத்த துணி வழியே பார்ப்பது போலத்தான். மழையில் பாலம் போனதிலிருந்து, ஆற்றில் இறங்கி ஏறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் நின்றுவிட்டது, கார் இறங்காது. நாலு சக்கரமும் இழுக்கிற இந்த ஜீப் ஒன்றுதான் கதி. அது ஓடாவிட்டால் தேதி போய்விடும். அடுத்த தேதி வரும்வரை அந்தக் கண் இருக்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

ஷெட்டில், ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மச்சினன். பக்கத்தில் டார்ச்சைப் பிடித்தபடி மனைவி.

"யாரைக் கேட்டுக் கூப்பிட்டே?" என்றார்.

"என் கண்ணைக் கேட்டுக் கூப்பிட்டேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன், மகள் கல்யாணத்தன்று, ஆட்களை ஏற்றிவரப் போன வேன் தாமதமாக வந்தது. ஓட்டி வந்தவன் இந்த மச்சினன். அவன் ஒர்க்‌ஷாப் மூடி நாலு மாதமாகியிருந்த நேரம். "வேலைவெட்டி இல்லாதவனை நம்பினா இப்படித்தான்" என்று சபை நடுவே சொல்லிவிட்டார் சர்வேயர். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அவன் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான்.

"அக்கா, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்கன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு."

"அவன் தலைமாட்டுலயே கிடக்குன்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

"பார்த்துட்டேன்னு சொல்லு."

"கண்ணு தெரியாதவளை நடுவுல நிக்க வெச்சு ரெண்டு பேரும் தந்தியடிங்க" என்றாள் அவள்.

இப்படியேதான் வேலை நடந்தது. ஜாக்கியும் பலகையும் வைத்து கியர்பாக்ஸை இறக்கிப் பின்னால் தள்ளினார்கள். மச்சினன் அங்கேயே உட்கார்ந்து அதைத் துடைத்து கிரீஸ் பூசினான். சர்வேயர் பல்லைக் கடித்துக்கொண்டு என்ஜினுக்கு அடியில் ஊர்ந்தார். அவர் தலைக்குப் பக்கத்தில், முன்சக்கரத்தை ஒட்டி மனைவி குந்தியிருந்தாள். பழைய பிளேட் கழன்று வந்தது. ரொட்டித் துண்டைச் சுரண்டியது போல மெலிந்திருந்தது. புதுப் பிளேட்டைக் கையில் எடுத்தார். அதன் நடுவில் ஒரு பக்கம் மட்டும் மேடு தூக்கி நின்றது.

"பிளேட்டோட மேடு நம்ம பக்கம் வரணும்னு சொல்லுக்கா" என்றான் மச்சினன், கியர்பாக்ஸைத் தட்டி.

"மேடு நம்ம பக்கம் வரணுமாம்" என்றாள் மனைவி, சக்கரத்தருகே இருந்து.

அவன் வாயில் கியர்பாக்ஸ் பக்கமாக இருந்த 'நம்ம', அவள் வாய்க்கு வந்ததும் என்ஜின் பக்கமாகிவிட்டது. புருஷன் பெண்டாட்டி இருவரும் இருந்தது என்ஜின் அருகில்தானே! சர்வேயரும் மேட்டை என்ஜின் பக்கம் வைத்து மூடி, போல்ட்டை எல்லாம் இறுக்கினார். 'சரியா வெச்சீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மச்சினன். கேட்க வேண்டுமானால் பேச வேண்டுமே.

கியர்பாக்ஸ் மேலேறி, கடைசி போல்ட்டும் ஏறியபோது மணி மூன்றரை. சர்வேயர் சீட்டில் ஏறி என்ஜினைக் கிளப்பி, கிளட்ச்சை மிதித்து கியர் போட்டார். 'கர்ர்ர்' என்று கியர்ப் பற்கள் நறநறத்தன. ஜீப் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி. மறுபடியும் அதே.

மச்சினனுக்குப் புரிந்துவிட்டது. "பிளேட் திரும்பியிருக்கு. எவ்வளவு மிதிச்சாலும் கிளட்ச் விடாது. எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும்."

"நீ சொன்னபடிதானேடா சொன்னேன்? நம்ம பக்கம்னு..." மனைவி டார்ச்சைக் கீழே வைத்தாள். "ஆறு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கிடந்து தேஞ்சது நான்தான். எனக்குக் கண்ணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இனிமே யாருக்கும் எதையும் சொல்லமாட்டேன்." தடவித் தடவி உள்ளே போய்விட்டாள்.

ஷெட்டில் சூடான என்ஜினின் 'டிக் டிக்' மட்டும் கேட்டது. இருவரும் மறுபடி அடியில் படுத்தார்கள். போல்ட்டைத் திருகிக்கொண்டே மச்சினன் கியர்பாக்ஸைப் பார்த்துச் சொன்னான்:

"முப்பது வருஷம் எல்லா எல்லையையும் அளந்தாச்சு. எது எந்தப் பக்கம்னு தெரியலை."

"யாரைச் சொல்றே?"

"கியர்பாக்ஸைச் சொன்னேன்."

"கியர்பாக்ஸ் எங்கடா எல்லை அளந்துச்சு?"

மூக்கு வழியே ஒரு சிரிப்பு வந்தது. யாருடையது என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் நேராக ஓடியது. "தூக்குங்க மாமா." "இரு, விரல் இருக்கு." "விரலை எடுத்துட்டுத் தூக்குங்க." மேடு இந்த முறை கியர்பாக்ஸைப் பார்த்தது. மச்சினன் தானே தலையை நுழைத்துப் பார்த்தான். விரலால் தொட்டும் பார்த்தான்.

இரண்டாம் முறை ஏற்றி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஜீப் மேட்டுத் தெருவில் ஏறி, இறங்கி, ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஷெட்டுக்குத் திரும்பியது. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சீட்டிலிருந்து இறங்கிய சர்வேயர் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். இடுப்பு வலி இறங்கி, கிளட்ச்சை மிதித்த இடது கால் மரத்துப் போயிருந்தது. மச்சினன் கை கழுவிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான். இவர் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

"அன்னிக்குக் கல்யாணத்துல நான் சொன்னது..."

"விடுங்க மாமா. இன்னிக்கு ரெண்டு தடவை கியர்பாக்ஸைத் தூக்கியாச்சு. இப்ப அதையும் தூக்கத் தெம்பில்லை."

சர்வேயர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். ஆற்றின் சரிவு கண்முன் வந்தது. தண்ணீருக்கு நடுவில் இந்தக் கால் ஏமாற்றிவிட்டால்? ஆறு வருஷமாக விழுங்க முடியாத ஒன்றை அவர் விழுங்கினார்.

"காலைல நீ ஓட்டறியா? என் கால் நிக்கலை. உன்னைத் தவிர யாரையும் நம்பி அவளை ஆத்துல இறக்க முடியாது."

மச்சினன் செருப்பை மாட்டுவதில் ஏதோ பெரிய சிக்கல் இருப்பது போலக் குனிந்தே நின்றான்.

"அஞ்சரைக்கு வரேன்" என்றான் கடைசியில். "நீங்க பின் சீட்டுல அக்காவைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. அக்கா, நேரத்தோட படு."

"நீயும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்டா."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்க்கா."

கேட்டைத் தாண்டி அவன் ஸ்கூட்டர் முனகிக்கொண்டு போனது. சத்தம் தெருமுனை திரும்பும்வரை மனைவி நின்று கேட்டாள். பிறகு கணவரின் கையைத் தன் தோளில் போட்டு அவரை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.