ஈரச் சுவரில் ஏறிய கூரை

ஐயாவு எழுப்பிய சுவர்களுக்குள் முத்துப்பேட்டைப் பக்கத்தில் பல குடும்பங்கள் நிமிர்ந்து நடந்தன. அவர் மட்டும் தம் குடிசைக்குள் குனிந்தே போனார். மண்ணை மிதித்து, பதரும் வைக்கோல் துண்டும் கலந்து, ஒரு படை வைத்து, அது காய்ந்த பிறகே அடுத்த படை வைப்பார். அவசரப்படுத்துகிறவர்களிடம், "மண்ணு என்ன உங்க வீட்டுப் பண்ணையாளா, சொன்ன உடனே எந்திரிச்சு நிக்க?" என்பார்.

ஐயாவு பண்ணையாள். பண்ணையாள் வீட்டுச் சுவர் நெஞ்சு உயரத்தைத் தாண்டக் கூடாது. அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதனால்தான் யாரும் மீறவில்லை. மனை மிராசுதார் வைத்தியலிங்கத்துடையது. போ என்றால் போக வேண்டியதுதான். ஆகவே கூரையில் ஆணியே இல்லை. மூங்கிலும் பனஞ்சட்டமும் கயிற்றால் கட்டியே நின்றன. செங்கொடிக் கூட்டத்துக்குப் போனதற்காக முன்பு இருந்த ஊரிலிருந்து விரட்டியபோது, கூரையை அவிழ்த்துத் தலையில் சுமந்து வந்தவர் ஐயாவு.

பிறகு குடியிருப்புச் சட்டம் வந்தது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே. சுயமரியாதை பேசிய ஆட்சியில், பண்ணையாட்கள் மிராசுதாரைக் கூப்பிட்ட 'ஆண்டே' என்பது 'ஐயா' ஆகியிருந்தது. எதிர்த் திசையிலிருந்து வந்த 'டா' மட்டும் அப்படியே இருந்தது.

"மனை உன்னுதாகப் போவுது. இன்னமும் ஆட்டுப்பட்டி மாதிரியாடா இருக்கறது? சுவத்த ஒசத்திக் கட்டு. வைக்கோல் நான் தர்றேன். பட்டா எழுத அதிகாரிங்க பங்குனிக்குத்தான் வருவாங்க" என்றார் வைத்தியலிங்கம். கொடுக்கவும் செய்தார். நல்ல சம்பா வைக்கோல். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

மனைவி அம்சம் தடுத்தாள். "பட்டா கைக்கு வரட்டும்யா. அதுக்குள்ள என்ன ஒசரம் வேண்டிக் கெடக்கு?"

"அதிகாரி வருவாருடி. அவரும் குனிஞ்சா வரணும்?"

கூரையைப் பிரித்தார். சுவரை ஆள் உயரத்துக்கு ஏற்றினார். மாசி முடியவில்லை, கடைசிப் படை வைத்த மறுநாள் காலையிலேயே அதிகாரி தெருக்கோடியில் வந்து இறங்கினார். கூரை இருக்கிற வீடாகப் பார்த்துப் பெயர் எழுதினார்.

"கூரைய ஏத்துய்யா!" அம்சம் கத்தினாள்.

"ஈரம்டி. தாங்காது."

"ஏத்தலேன்னா எழுத மாட்டாராம்!"

ஆயுள் முழுக்கப் பிறருக்கு மறுத்ததை ஐயாவு அன்று தமக்கு அனுமதித்துக்கொண்டார். தெருவே கை கொடுத்தது. அதிகாரி பக்கத்து வீட்டை நெருங்கும்போது மேல் படை பிதுங்கியது. பிறகு, களைத்த ஆள் மாதிரி, சுவர் அப்படியே உட்கார்ந்தது.

அதிகாரி செருப்பில் சேறு படாத தூரத்தில் நின்றார். "இங்க யாரு குடியிருக்கறது?"

"நான்தாங்க."

"எங்க?"

ஐயாவு கையை நீட்டினார். எதைக் காட்டுவது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

கூடவே வந்திருந்த வைத்தியலிங்கம் பெருமூச்சு விட்டார். "ஊர விட்டுப் போறேன்னு பிரிச்சுட்டான் சார். நல்ல வேலக்காரன், பாவம்."

"பொய்யி சார்!" என்றார் பக்கத்து வீட்டுக் கண்ணுசாமி. "முந்தாநேத்துகூட இங்கதான் ஒல வச்சாங்க!"

"மனு குடுங்க. விசாரிப்பாங்க" என்று அதிகாரி நகர்ந்தார். கண்ணுசாமியின் நெஞ்சளவுச் சுவருக்குப் பட்டா எழுதியாயிற்று.

விசாரணை வருவதற்குள் ஐயாவுவின் மனையில் மிராசுதாரின் வாழை குலை தள்ளிவிட்டது. "வேற எங்கடா போவே? கொட்டகையில ஓரமா இருந்துக்க" என்றார் வைத்தியலிங்கம். வாடகை கேட்கவில்லை. கொடி பிடிக்காதே என்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

மாட்டுக் கொட்டகைக்குச் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. "நம்ம ஆளுங்கள்ல மாமாவுக்குத்தான் மெத்த வூடு" என்று கண்ணுசாமி கேலி பேசுவார். ஐயாவுவும் சேர்ந்து சிரிப்பார். அம்சம் சிரித்ததில்லை. அவரைத் தேடி யார் வந்தாலும், "மாடுங்களோட இருக்காரு" என்பாள்.