நான் அழித்த தெரு

பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு மனைப்பிரிவுக்கு வரைபடம் போட்டது நான்தான். பக்கத்துக் குடியிருப்பின் கடைசித் தெரு எங்கள் எல்லைவரை வந்து நின்றது. அதை எங்கள் தெருவோடு சேர்த்துத்தான் முதலில் வரைந்தேன். மனை விற்பவர் பார்த்துவிட்டு, ரோடு போகிற இடத்தில் இன்னொரு மனை தேறுமே என்றார். அந்தப் பக்கத்து ஆட்கள் இந்த வழியாக நடமாடினால் வாங்க வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்றும் சொன்னார். இரண்டு கோடுகளை அழித்தேன். அந்த இடம் ஒரு மனையானது, எல்லையில் சுவர் வந்தது.

நாலைந்து வருடம் கழித்து அங்கே ஒரு புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனேன். வண்டியை நிறுத்தும்போது, தெருமுனையில் காலியாகக் கிடந்த அந்த மனைக்கு அப்பால், சுவருக்கு மேல் இரண்டு பள்ளிக்கூடப் பைகள் எழும்பின. பிறகு ஒரு பெண்ணின் முகம்.

“அண்ணாச்சி, பிள்ளையக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க.”

முதலில் ஒரு சிறுமியை இறக்கினேன், அடுத்து அவள் தங்கையை. அந்தப் பெண் சுவரில் ஏறி, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கையில் பழைய சிராய்ப்புகள். பள்ளிக்கூடம் எங்கள் மனைப்பிரிவுப் பக்கம்தான், மணி அவள் வீட்டுக்கே கேட்குமாம். மெயின் ரோட்டைச் சுற்றினால் அரை மணி நேரமாம், அதுவும் லாரிகளுக்கு நடுவில். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள். பிளான் போடுகிறவன் என்றேன். உடனே முகம் தெளிந்தது.

“அப்ப உங்களுக்குத் தெரியும்லா. இங்கன ரோடு விட சட்டத்துல இடமில்லைன்னு சொல்லுதாவ. நெசமா?”

“ஆமாம்மா. இடமில்லை” என்றேன்.

அவள் நம்பினாள். சரி அண்ணாச்சி என்று குதித்து இறங்கிப் பிள்ளைகளோடு போனாள். நான் பந்தியில் உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டேன். பொய் சொன்னதைவிட அந்தச் சாப்பாட்டை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது.

பிறகு மனம் கேட்காமல், அந்த மனையை வாங்கியவரைத் தேடிப் போனேன். ஓரமாக மூன்றடி நடைபாதை விட முடியுமா என்று கேட்டேன். அதற்குள் அஸ்திவாரம் எழும்பியிருந்தது. “வரையும்போது எங்கவே போனீரு?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோட்டைச் சுற்றி நடந்தே அவள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவை அழித்தது நான்தான், சட்டம் எதுவும் தடுக்கவில்லை என்று சொன்னேன். துவைத்த பாவாடையை உதறிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா, வீடு எழும்பும் முன்னால நாலு பேரா போய் கேட்டிருப்போம்லா” என்றாள்.

அவள் பாவாடையைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. வந்த வழியே மெயின் ரோட்டைச் சுற்றித் திரும்பினேன்.

இப்போது எல்லைக்கு வருகிற தெருவைச் சேர்த்தே வரைகிறேன். சம்மதிக்காதவர்கள் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள். அந்த மனையில் வீடு எழும்பியதும் சுவரேறி வரும் வழியும் அடைபட்டுவிட்டது. காலையில் வேலைக்குப் போகும்போது சில நாள் அவளை மெயின் ரோட்டில் பார்ப்பேன். பிள்ளைகளை உள்பக்கம் விட்டு, லாரிப் பக்கம் அவள் நடப்பாள். நான் வண்டியை நிறுத்துவதில்லை.